ஆரல்வாய்மொழியில் காற்றாடி ஏறும் ஜெபா

மதுரையில் வரலாற்று ஆசிரியையாக இருக்கிறேன். மகளிர் தினத்துக்குப் பேசச் சொன்னால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். ஆனால் பிளஸ் டூ முடித்த என் மகள் காவ்யா, “மெக்கானிக்கல் படிக்கப் போறேம்மா” என்று சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கிரீஸும் இரும்பும் பெண்பிள்ளைக்கு எதற்கு என்றுதான் தோன்றியது. இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொன்னார்: “என் தங்கச்சி ஜெபா ஆரல்வாய்மொழியில கரண்ட் எடுக்குற காத்தாடியில ஏறி ரிப்பேர் பாக்கா. ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்து சண்ட போடுங்க.”

மே இரண்டாம் சனிக்கிழமை. முந்தின நாளே நாகர்கோவில் வந்து தங்கியிருந்தோம். காலை 6.40க்கு அண்ணா பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தோவாளையில் பிச்சிப்பூ மூட்டைகளோடு நான்கு பெண்கள் ஏற, பஸ் முழுக்க மணம். பதினைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மேலாடை போடும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் அடியும் அவமானமும் பட்ட கதை. காவ்யா ஜன்னல் வழியே காற்றாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆரல்வாய்மொழியில் இறங்கி, அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “ஜெபாவப் பாக்கவா? அந்தப் பிள்ள இப்ப மேலதான் நிக்கும். காத்து கூடுறதுக்கு முன்ன வேலைய முடிக்கணும்லா.”

காற்றாடியின் அடியில் எண்பது நிமிடம் காத்திருந்தோம். கோபுரத்தின் உள்ளே ஏணி, எண்பது மீட்டர். அண்ணாந்து பார்த்ததற்கே எனக்குத் தலை சுற்றியது. ஒன்பதேகாலுக்குக் கீழ்க்கதவு வழியாக ஒல்லியான ஒரு பெண் வெளியே வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். தோளிலும் இடுப்பிலும் கனத்த பாதுகாப்பு பெல்ட். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முடியெல்லாம் வியர்வை.

“வாங்கக்கா. வந்து ரொம்ப நேரம் ஆச்சா?”

நான் கேட்ட முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?”

ஜெபா சிரித்தாள். காவ்யாவின் முகம் சுருங்கியது. பிறகு அவளே கேட்டாள்: “முதல் நாள் மேல வரைக்கும் ஏறுனீங்களாக்கா?”

“எங்க ஏறினேன் மக்கா! பாதியில கையி மரத்துப் போச்சு. அங்கயே நின்னு அழுதேன். கீழ வந்து, இனி வரமாட்டேன்னு அம்மைக்கிட்ட சொன்னேன். மறுநாளும் வந்தேன். எட்டாம் நாளுதான் உச்சி பாத்தேன்.”

அதுவரை துணிச்சலாக நின்ற காவ்யா கோபுரத்தை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இனி மனம் மாறிவிடுவாள் என்று நினைத்தேன்.

“வேலை கிடைக்கிறது கஷ்டமா?” என்றேன்.

“மூணு இடத்துல இல்லைன்னாவ அக்கா. பெண்ணுங்களுக்குச் சைட்டுல கக்கூஸ் கிடையாதுங்கதுதான் காரணம். நாலாவது இடத்துல, ‘அப்பொ ஒண்ணு கெட்டுங்க’ன்னேன். கெட்டினாவ.” சற்றுத் தள்ளியிருந்த தகரக் கதவைக் காட்டினாள். “எங்க பாட்டிமாருக்குப் பாட்டிமாரு தோள்ல ஒரு துணி போடதுக்கு அடி வாங்கினவங்க. எனக்கு இந்த பெல்ட்டப் போடதுக்குக் நாலு இடம் நடக்க வேண்டி இருந்துச்சு, அவ்வளவுதான்.”

எத்தனை மேடையில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்!

காவ்யா அந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஜெபா அதை அவளுக்கு மாட்டிவிட்டாள். “ஏணியில ஏத்தமாட்டேன் கேட்டியா, வெளி ஆளுக்கு அனுமதி இல்ல. கனத்த மட்டும் பாரு.” காவ்யா அதோடு கோபுரத்தை ஒரு சுற்று நடந்தாள். திரும்பி வந்தபோது தோள் சிவந்திருந்தது. “எட்டு நாள் ஆகும்னா ஆகட்டும்மா,” என்றாள்.

ஆரல்வாய்மொழி நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கைபேசியிலேயே பொறியியல் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஓ.டி.பி. என் எண்ணுக்கு வந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆறு எண்களையும் வாசித்துக் காட்டினேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும். தண்ணீர் எடுத்துப் போங்கள், பக்கத்தில் கடை இல்லை. அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், முதல் கேள்வியை அவளைக் கேட்கவிடுங்கள்.