வெயிலுக்குத் திறந்தவை, விரலுக்கு மூடியவை

செடிக்கு வாய் கிடையாது, அதற்கும் சேர்த்து வாங்கினவர்கள் பேசிவிடுவார்கள் என்பது என்னைப்போல் நர்சரி வைத்து அல்லல்பட்டவர்களுக்குத் தெரியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையோரம் என் கடை. இலையெல்லாம் லாரிப் புழுதி. தண்ணீர் தெளித்ததும் பச்சை மெல்லத் திரும்பிவரும். அதைப் பார்த்தபடி, எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து நிற்பேன்.

பத்து மணிப் பூ

ஒரு கம்பெனி மேனேஜர் பத்து மணிப் பூத்தொட்டிகளை வாங்கிப்போய் ஏசி ஹாலில் வைத்தார். ஒரு மொட்டும் விரியவில்லை. செத்த செடியைத் தலையில் கட்டிவிட்டேன் என்று செல்போனில் சண்டை. அதற்கு மணி தெரியாது, வெயில்தான் தெரியும் என்றேன். கேட் பக்கம் மாற்றினார்கள். பிறகொரு நாள் போனபோது சிவப்பும் மஞ்சளுமாக விரிந்து கிடந்தன. வாட்ச்மேன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பூ கரெக்டா தொறந்துக்குது சார். பத்து மணி டீதான் இன்னும் வரல."

ஜன்னல் பக்கம்

பழவேற்காட்டிலிருந்து கல்யாணமாகி மீஞ்சூர் வந்த ஒரு பெண். கணவர் கடைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை என்று மணி பிளான்ட் வாங்கினார். அது ஜன்னல் பக்கமே சாய்கிறது, திருப்பி வைத்தாலும் மறுபடி அங்கேயே போகிறது என்று குறைப்பட்டார். வெளிச்சம் வருகிற திசை அதற்குத் தெரியும் என்றேன். சில மாதம் கழித்து இன்னொரு தொட்டி வாங்க வந்தவரின் முகம் தெளிந்திருந்தது. பழைய செடியைப் பற்றிக் கேட்டேன். "அத்த திருப்புறத உட்டுட்டேண்ணே. என் நாற்காலியத்தான் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கினேன்."

தொட்டாச்சிணுங்கி

உலைப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், பஸ் வரும்வரை என் கடை நிழலில் ஒதுங்கினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு பட்டு வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருந்தன. புண் ஆறிவிட்டது, உணர்ச்சி மட்டும் வருமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லையாம். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாலும் ஒன்றும் தெரியவில்லை என்று வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

வேலியோரம் தொட்டாச்சிணுங்கி படர்ந்திருந்தது. குனிந்து, அந்த இரண்டு விரலால் மட்டும் தொட்டார். இலைகள் ஒவ்வொன்றாகக் கூம்பின. அவை மறுபடி விரியும்வரை காத்திருந்து, திரும்பவும் தொட்டார். பஸ் வந்தது, போனது. எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரிலண்ணே. ஆனா நான் தொட்டது அதுக்குத் தெரிஞ்சிச்சு."

இத்தனைக்கும் இந்தத் தொழிலில் நம் வேலை, தண்ணீரை ஊற்றிவிட்டு யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதுதான்.