மண்டே ஐ லீவ்

மேடத்தின் அம்மா சமையலறைக்குள் கால் வைக்கும் முன் வாசலில் நின்று "பெர்மெஸ்ஸோ" என்பார். முதல் நாள், பெப்பர் கேட்கிறார் என்று நினைத்து மிளகு டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். சொந்த மகள் வீட்டு அடுப்படிக்குள் வர, சமையல் வேலை செய்யும் என்னிடம் அனுமதி கேட்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. "நீ 'அவாந்தி'ன்னு சொல்லணும். உள்ளே வாங்கன்னு அர்த்தம்" என்று மேடம் ஆங்கிலத்தில் விளக்கினார். எனக்குக் கூச்சம். தலையை மட்டும் ஆட்டி வைப்பேன்.

நான் ஆரணியில் பத்தாவது வரை படித்தவள். பெங்களூருக்கு வந்து ஈஜிபுராவில் குடியேறிப் பதினெட்டு வருடம் ஆகிறது. இந்த இத்தாலிக்காரர்கள் வீட்டில் ஆறு வருடம். பள்ளிக்கூடத்தில் நான் பிழையில்லாமல் எழுதிய ஒரே ஆங்கிலம் லீவ் லெட்டர். காய்ச்சல், இரண்டு நாள், கைண்ட்லி கிராண்ட் மீ லீவ். லீவு என்றால் போய்விட்டுத் திரும்பி வருவது. வராமலே போவதற்கும் அதே சொல்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

போன மாதம் ஆரணியில் மகளுக்கு வளைகாப்பு. மேடம் வேலையாக டெல்லி போயிருந்தார். அவர் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நாம் பேசுவதை இத்தாலி மொழியில் மாற்றிச் சொல்லும் செல்போனை என் வாயருகே நீட்டினார். "மண்டே ஐ லீவ்" என்றேன். செல்போன் ஏதோ சொன்னது. அவர் முகம் வாடிவிட்டது. "டாட்டர், பேபி" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். என்னைக் கட்டிக்கொண்டார். உள்ளே போய் ஒரு சால்வை கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, நான் கையில் வைத்திருந்த அவர்கள் வீட்டுச் சாவியைக் காட்டிக் கை நீட்டினார். நாலு நாளைக்கு எதற்கு என்று தோன்றியது. கேட்கத் தெரியாமல் கொடுத்துவிட்டேன்.

ஆரணி போய்ச் சேர்ந்த மறுநாள் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் மஞ்சுநாத் போன் செய்தான்.

"ஏன்க்கா, கெல்ச பிட்டுட்டீங்களாமே? அந்த இத்தாலி அஜ்ஜி போன்ல காட்டுச்சு. வேற ஆளு சேத்து உட்டேன்."

"நான் எங்கப்பா வேலைய விட்டேன்? நாலு நாள் லீவுப்பா."

"அத அவங்க பாஷைல சொல்லியிருக்கணும்க்கா."

மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். நீளமாகச் சிரித்தார். லீவ் என்ற ஒரு சொல்லுக்கு இத்தாலி மொழியில் தனித்தனிச் சொற்களாம். கிளம்பிப் போவதற்கு ஒன்று, ஒருவரை விட்டுப் போவதற்கு ஒன்று. வேலையிலிருந்து நாலு நாள் கேட்பதற்கு பெர்மெஸ்ஸோ.

"அது உள்ள வரக் கேக்குறது இல்லியா மேடம்?"

"ரெண்டுக்கும் அதே சொல்தான்" என்றார். பிறகு குரல் தணிந்தது. புது ஆளுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்றாம். "வா, பார்க்கலாம்."

அந்தப் பார்க்கலாம் என்னோடு பந்தலுக்குள்ளும் வந்தது. மகளுக்கு வளையல் போடும்போது சம்மந்தியம்மா கேட்டார்: "எத்தன நாளு லீவு சம்மந்தி?"

"நாலு."

"வேல போனா போவட்டும். இங்கயே இருந்துடேம்மா" என்றாள் மகள், பாதி விளையாட்டாக. சந்தனத்தைக் குழைத்தேன். என் வாணலியை இன்னொருத்தி எந்த ஆணியில் மாட்டியிருப்பாளோ என்று ஓடிக்கொண்டிருந்தது மனசு. பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசும்போது இந்த நினைப்பு வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஆறு வருடம் சாவி போட்டுத் திறந்த கதவில் முதல்முறையாக மணி அடித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

ஒரு செருப்பைக் கழற்றியிருந்தேன், மற்றது காலில் இருந்தது. அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, "பெர்மெஸ்ஸோ" என்றேன். கூடத்தில் மேடத்தின் அம்மாவின் நடைச் சத்தம் நின்றது. ஒரு நாளும் நான் அவருக்கு வாய்திறந்து சொல்லாத அந்த அவாந்திக்காக, ஒற்றைச் செருப்போடு காத்து நின்றேன்.