இருபதுக்கு மேலே ஒரு தலை

எங்கள் வீட்டுக்காரர் கையில் அந்த ஃபோனைக் கொடுத்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். நான் சாபம் போட மாட்டேன். போட்டாலும் பலிக்காது. பலிக்கிறதாக இருந்தால் இந்த மனிதர் முப்பது வருஷத்துக்கு முன்பே திருந்தியிருப்பார்.

பண்டமாரானில், மூலை வீட்டில், நான் ஒரு தஸ்கா நடத்துகிறேன், அதாவது பிள்ளைக் காப்பகம். துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிற தாய்மார்கள் வெளிச்சம் வருவதற்கு முன்பே வந்து, கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரைக்கும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள். கைக்குழந்தை மூன்றுக்கு ஓர் ஆள், நடக்கிற பிள்ளை ஐந்துக்கு ஓர் ஆள், கொஞ்சம் பெரியது என்றால் பத்துக்கு ஓர் ஆள். இதற்கு ரேஷியோ என்று பேர். அதற்குத் தக்கபடி ஆட்களை வைத்திருக்கிறேன். என் லைசென்சில் போட்டிருப்பது இருபது பிள்ளைகள். இருபதுதான் வைத்திருக்கிறேன். யார் வந்து காலில் விழுந்தாலும் இருபத்தொன்று கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன சோதனையில் அவமானம் வந்தது. அதிகாரி உள்ளே நுழைந்த நேரம், செந்தூலிலிருந்து என் நாத்தனார் இரண்டு பேரப்பிள்ளைகளோடு "சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு" வந்து உட்கார்ந்திருந்தாள். எண்ணினால் இருபத்திரண்டு. "மேடம், அதுங்க ரெண்டும் சொந்தக்காரப் பிள்ளைங்க" என்றேன். அந்த அதிகாரி நம்ம தமிழ்ப் பெண்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிப்புக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"எல்லா தஸ்காவிலயும் கூடுதலா இருக்கறது சொந்தக்காரப் பிள்ளைங்கதான் அக்கா" என்றாள். "இந்த நாட்டுல இவ்வளவு சொந்தம் இருக்குன்னு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்க மறுபடி வருவேன். அப்ப ஒரு தலை கூடுனாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். இருபது பிள்ளைகளும் எங்கே போகும்? அதுகளின் அம்மாக்கள் எங்கே போவார்கள்? அதெல்லாம் நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது உண்மை. ஆனால் இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து, ஒன்று சிங்கப்பூர், ஒன்று சுங்கை பூலோ என்று போய்விட்டதுகள். தஸ்காவை மூடிவிட்டால் இந்த வீட்டில் நானும் இவரும்தான். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இந்த முகத்தை நான் பார்க்க வேண்டும், அந்த முகம் என்னைப் பார்க்கும்.

ஆகவே வேலையில் இறங்கினேன். பிளக் ஓட்டைக்கெல்லாம் மூடி. கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி. தீயணைக்கும் சிலிண்டருக்குப் புதுத் தேதி. என்ன சமைக்கிறோம் என்று சுவரில் அட்டை. எங்கள் சமையல் அக்கா டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்றார்கள், கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மா போட்ட கூச்சலில், வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் தங்களுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிட்டன. நாத்தனாருக்கு ஃபோன் போட்டு, இந்த மாதம் முழுக்க நம் இரண்டு குடும்பத்துக்கும் சண்டை என்று வைத்துக்கொள், இந்தப் பக்கம் தலை காட்டாதே என்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. ஓர் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டேன். அது சோபாவில் உட்கார்ந்து ஃபோன் நோண்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது தன்னைத் தஸ்காவின் மேனேஜர் என்று சொல்லிக்கொள்கிறார். கேட்டைத் திறப்பதும் மூடுவதும்தான் அந்த மேனேஜர் உத்தியோகம். சோதனைக்கு முதல் நாள், எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இவர் ஒரு செய்தி போட்டார்: "நாளை காலை பத்து மணிக்கு நம் வீட்டுக்கு அரசாங்க அதிகாரிகள் வருகிறார்கள். தயவுசெய்து வாசலில் யாரும் வண்டி நிறுத்த வேண்டாம். நன்றி." கூடவே கும்பிடுகிற கை, குத்துவிளக்கு, மலேசியக் கொடி. நான் அந்தக் குழுவில் இல்லை. காலை வணக்கப் பூப்படம் தாங்காமல் எப்போதோ வெளியேறிவிட்டேன்.

மறுநாள் சொன்னபடி அதிகாரி வந்தாள். கூட ஒரு மலாய்க்காரர், நல்ல உயரம், கையில் அளவு நாடா. அவர் கதவை அளந்தார், ஜன்னலை அளந்தார், படியை அளந்தார். அவள் அடுப்படி, கழிப்பறை, மருந்துப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு குறை இல்லை. "நல்லா பண்ணியிருக்கீங்க அக்கா" என்றுகூடச் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி தலையை எண்ணினால் வேலை முடிந்தது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி இல்லை, கோயில் வாசல் மாதிரி.

எட்டிப் பார்த்தேன். ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு! தாமானே நடந்து வந்திருந்தது. ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஐ.சி. அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திர நகல். பாதிப் பேர் இடுப்பில் பிள்ளை. எங்கள் மேனேஜர் கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கல்யாண மண்டப வாசலில் மாமனார் நிற்கிற மாதிரி, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று கைகூப்பிக்கொண்டிருந்தார்.

நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. அரசாங்க ஆபிசர் ஒருவர், அதுவும் தமிழ் பேசுகிறவர், தெருவுக்குள் வந்திருக்கிறார் என்றால் எந்தத் துறை, என்ன வேலை என்று எவரும் கேட்பதில்லை. அவர் ஆபிசர். நம்மிடம் பிரச்சினை இருக்கிறது. போதாதா?

"மேடம், பந்துவான் பேர் குடுக்கறது இங்கதானே?" என்றார் ஓர் ஆன்டி. உதவித்தொகை விஷயம். "மேடம், எங்க வீட்டு லொங்காங்க கொஞ்சம் பாருங்க" என்று ஓர் அங்கிள், அடைத்துக் கிடக்கும் சாக்கடையைப் படமெடுத்து ஃபோனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். இன்னொருவர் அந்த மலாய்க்காரரைப் பிடித்துக்கொண்டு, "பாஸ், டேப் இருக்குதானே, நம்ம வீட்டு ஜன்னல் கிரில்லுக்கு ஒரு அளவு எடுத்துக் குடுங்கலா" என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஆபிசர் வந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று யாரோ ஒரு டின் முறுக்கு வேறு கொண்டுவந்திருந்தார்கள்.

ஒரு தாய் தன் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பவுடர் போட்டு, பூ வைத்துக் கூட்டிவந்திருந்தாள். நாலு வயது இருக்கும். "எடை பார்த்துட்டு பால்மாவு ஃப்ரீயா குடுக்கறாங்களாமே ஆன்டி" என்று என்னிடம் கேட்கிறாள். யார் சொன்னது என்றேன். எல்லோரும்தான் சொன்னார்கள் என்றாள்.

இதற்குள் வந்த பிள்ளைகள் எல்லாம் இடுப்பிலிருந்து இறங்கி என் பிள்ளைகளோடு கலந்துவிட்டன. அரிசியில் உளுந்து கொட்டினால்கூடப் பொறுக்கிவிடலாம். இது அரிசியில் அரிசி.

அதிகாரி நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். "அக்கா, உங்க பிள்ளைங்க எத்தன பேரு?"

"இருபது மேடம்."

"இங்க முப்பதுக்கு மேல தெரியுதே. மத்ததெல்லாம் சொந்தக்காரப் பிள்ளைங்களா?"

இல்லை என்று சொன்னால் யாருடையது என்பாள். ஆமாம் என்று சொன்னால் செத்தேன். அந்த நிமிஷம் எங்கள் மேனேஜர் மட்டும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றிருந்தால், தீயணைக்கும் சிலிண்டருக்கு நல்ல வேலை கிடைத்திருக்கும்.

எங்கள் சமையல் அக்காவுக்கு இந்தக் கலவரம் எதுவும் கணக்கில்லை. அமைச்சரே வந்து நின்றாலும் கஞ்சி நேரம் கஞ்சி நேரம்தான். வழக்கம்போல் பானை மூடியில் கரண்டியால் டங் டங் டங் என்று அடித்தாள். "கஞ்சி ஆறிப்போனா நான் மறுபடி சுட வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

என் பிள்ளைகள் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தன. பொம்மையைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான், அழுதுகொண்டிருந்தவள் பாதியில் விட்டாள். ஒன்றன் பின் ஒன்றாகக் குழாயடிக்குப் போய், கையை நனைத்து, சோப்பு போட்டு, கழுவி, தரையில் ஒட்டியிருக்கும் நீலக் கோட்டில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. தாமான் பிள்ளைகள் ஒட்டுமொத்தமாக முறுக்கு டின்னைப் பார்த்து ஓடின. ஹால் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"மேடம், கோட்டுல உக்காந்திருக்கறதுதான் என் பிள்ளைங்க!" என்று கத்தினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதிகாரி பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். கோட்டில் பதினேழு. கட்டிலில் தூங்கும் கைக்குழந்தை மூன்று. "இருபது. சரி" என்றாள். என் மூச்சு திரும்பி வந்தது.

வந்த மூச்சு அப்படியே நின்றது. மேசைக்கு அடியிலிருந்து கறுக் முறுக் என்று சத்தம். அதிகாரி குனிந்து பார்த்தாள். உள்ளே எங்கள் வாலு. மூன்று வயது. அவன் வாலுத்தனத்துக்குத் தனியாக ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும். கன்னம் இரண்டும் முறுக்கால் உப்பியிருந்தது.

"இது யாரு?"

"டீச்சர் பிள்ளை" என்றான் அவனே, வாய் நிறைய. பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர்.

இருபத்தொன்று! அப்போதுதான் கோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். கடைசியில் பட்டுப்பாவாடை. கை கழுவி, சம்மணம் போட்டு, என் பிள்ளைகள் எல்லாவற்றையும்விட அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

"அது என்னுது இல்ல மேடம்" என்றேன்.

"பாப்பா, நீ எந்த ஸ்கூல்?" என்று அதிகாரி அதனிடம் கேட்டாள்.

"இந்த ஸ்கூல்" என்றது அது. அடிப்பாவி, வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை!

அதிகாரி பேனாவை மூடிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே நடக்கிற பிள்ளைக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு துண்டு, துண்டுக்கு மேலே ஒரு படம். மாம்பழம், பூனை, லோரி என்று. ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக்கூடாது என்பது சுகாதார விதி.

"எல்லாரும் எழுந்து அவங்கவங்க துண்ட எடுங்க பார்ப்போம்" என்றாள்.

மாம்பழம் மாம்பழத்தை எடுத்தது, பூனை பூனையை எடுத்தது. தடுமாற்றமே இல்லை. கடைசியில் நண்டுப் படத்துக்குக் கீழே ஒரு துண்டு மிஞ்சியது. பட்டுப்பாவாடை அதை எடுத்துக்கொண்டது.

"ஏய்! அது என் நண்டு!" மேசைக்கடியிலிருந்து பாய்ந்து வந்தான் வாலு.

"என் நண்டு!"

"என் நண்டு!"

இவன் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, கடைசியில் வாலு துண்டைத் தரையில் போட்டு அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். அதிகாரி முட்டி போட்டு உட்கார்ந்து, கோட்டில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, நண்டு யாரோடது?" என்றாள்.

"அவனோடது!" பதினாறு விரலும் அவனைக் காட்டின. கோர்ட்டில்கூட இப்படிச் சாட்சி கிடைக்காது.

அதற்குள் பெண்ணின் தாய் ஓடிவந்தாள். "ஐயோ, இது என் பொண்ணுலா மேடம். பத்துப் பேரு வரிசையா நின்னா போதும், எதுக்குன்னு கேக்காம இதுவும் போய் நின்னுக்கும்." பட்டுப்பாவாடை, நான் வர மாட்டேன், எனக்குக் கஞ்சி வேண்டும் என்று அழ ஆரம்பித்தது.

அதிகாரி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள்.

"உங்க இருபதும் சரியா இருக்கு அக்கா" என்றாள். "பெரியவங்களுக்குத்தான் ரேஷியோ பத்தல." திரும்பி, "கேட்டத் திறந்து விட்டது யாரு?" என்றாள். எங்கள் மேனேஜர் மேலே ஓடுகிற காற்றாடியை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமான் வாங்க, வெளிய போக, எதுக்கு வேணா அனுப்புங்க. ஆனா இனிமே கேட் சாவி இவர் கையில இருக்கக் கூடாது. அதையும் எழுதிட்டேன். கையெழுத்துப் போடறேன்."

போட்டாள். என் கண் முன்னாலேயே போட்டாள்.

நன்றி சொல்ல மலாயில் ஒரு பேச்சு, தமிழில் ஒரு பேச்சு என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நான் அழுவதைப் பார்த்து ஒரு பிள்ளை அழுதது, அதைப் பார்த்து இன்னொன்று, கட்டிலில் கிடந்த மூன்றும் எழுந்துவிட்டன. அந்த மலாய்க்காரர் அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி ஒரு குழந்தையைத் தூக்கி வைத்து ஆட்ட ஆரம்பித்தார்.

வாலு என்னிடம் வந்தான். முறுக்குத் தூள் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாத டீச்சர். அம்மா வேல முடிஞ்சி வந்துருவாங்க" என்றான்.

தினமும் காலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்கிற வார்த்தை அது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகிறது. என் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "சரிடா" என்றேன். அவன் என்னை நம்பவில்லை. என் அம்மா வந்து என்னைக் கூட்டிப்போகிற வரைக்கும் துணைக்கு இருப்பதாகச் சொல்லி, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.