ஓரத்தில் நின்ற வெள்ளை

என் அக்கா ஃபஹீமாவின் கணவர் மைதீன் பிச்சைக்குக் கோவை கோட்டைமேட்டில் ஒரு சின்ன ஸ்டுடியோ. வாரமெல்லாம் பாஸ்போர்ட் படம், நிக்காஹ் ஆல்பம். ஞாயிறு விடிந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு சூலூர்க் குளத்துக்குக் கொக்குப் படம் எடுக்கப் போய்விடுவார்.

கறுத்த தண்ணீரில் நிற்கும் கொக்கை நேரே பார்த்துக் காமிரா வெளிச்சத்தை அளந்தால், இறகு தெரியாமல் சுண்ணாம்பு அப்பினது போல வரும். அதனால் மச்சான் முதலில் அக்காவை வெயிலில் நிறுத்துவார். அவள் போர்த்தியிருக்கும் வெள்ளைத் துப்பட்டியில் வெளிச்சத்தை அளந்துகொண்டு, பிறகு கொக்குப் பக்கம் திரும்புவார்.

"வெயில் எனக்கு, படம் கொக்குக்கா?" என்பாள் அக்கா.

"கொக்கு பேசாம நிக்குது, பாரு."

பிலிம் வீணாகும் என்று அவளை எடுத்ததே இல்லை.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அக்கா போய்விட்டாள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாளே மச்சான் கடை திறந்தார். அழுது யாரும் பார்க்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று நான் வேலை பார்த்த ஷார்ஜாவிலிருந்து போனில் கேட்டால், "ஆச்சு" என்பார். என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டதில்லை, பயம்.

அடுத்த வருடம் நான் லீவில் வந்தபோது, ஒரு மில் காலண்டருக்கு அவருடைய கொக்குப் படத்தைக் கேட்டிருந்தார்கள். ஓவியம் போல வேண்டுமாம். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ரூபனிடம் போனோம். நெகட்டிவை ஸ்கேன் செய்ததும் திரையில் படம் விரிந்தது.

"ஏனுங்க பாய், ஓரத்துல ஏதோ வெள்ளையா நிக்குது. அழிச்சுபோட்டு ஒரு கொக்கை ஒட்டிரட்டுங்களா?"

"மச்சான், அது அக்கா" என்றேன்.

"தெரியும்."

ரூபன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. அவங்க இருக்கட்டும். பெயிண்டிங் எஃபெக்ட் போட்டா ஒண்ணும் தெரியாதுங்க."

போட்டான். தண்ணீர் தூரிகைக் கோடுகளாக இழுபட்டது. அக்கா இன்னொரு கொக்காகிவிட்டாள்.

"பாருங்க, நல்லாத்தான இருக்குது?"

மச்சான் குனிந்து பார்த்தார். "துப்பட்டி மடிப்பெல்லாம் போயிருச்சுங்க. அழிச்சிருங்க."

"மச்சான்..."

"அவ கொக்கு இல்லையேப்பா." விலை சொல்லும் குரல்தான்.

ரூபன் அழித்தான். அவள் நின்ற இடத்தில் கோரைப்புல் வந்தது. மச்சான் நெகட்டிவை உறையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டார்.

நான் கிளம்புகிற அன்று சாயங்காலம் அந்தப் படத்தில் ஒரு பிரிண்ட் கேட்டேன்.

"முகம் தெரியாது. அந்தப் பக்கம் பார்த்துட்டு நின்னா."

"பரவாயில்லைங்க மச்சான்."

இருட்டறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டலாமா என்று இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தேன். ஈரம் காயாத பிரிண்ட்டோடு வந்தார். ஓரத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார். புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஆனாலும் துப்பட்டியின் ஒவ்வொரு மடிப்பும் இருந்தது.

கொக்கு ஒன்றுகூட இல்லை.