லாரியின் பின்பக்க மூலை

சித்தப்பாவிடம் சோதனைக்கு வந்த ரிமோட் லாரி, பங்கார் என்று சொல்லும் எங்கள் பழைய சாமான் கொடவுனில் கிலோக் கணக்கில் வந்து விழும் சாமான்களைவிட மோசமாக இருந்தது. முழங்கை நீளம். பல் பல்லாகப் பெரிய டயர்கள், அதில் ஒன்று பிளந்திருந்தது. ரிமோட்டின் ஏரியலை இழுத்தால் என் நெஞ்சு வரை வந்தது. கல்லிலும் மேட்டிலும் ஏறி ஓடுவதற்கென்றே செய்த வண்டி, தான் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது என்று அதன் சொந்தக்காரர், மாட்டுங்காவிலிருந்து வந்த சார் சொன்னார். கல்லூரிக்குப் போகிறவர் பொம்மை வாங்குவார் என்று நான் நம்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சாருக்குக் கடல்பாலம் தாண்டி வாஷியில் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே ஒரு ரிப்பேர் கடை இருந்தது. அதைக் கேட்டு அம்மா மூக்கின்மேல் விரல் வைத்தாள். பங்காரில் வரும் உடைந்த ரிமோட் கார்களை, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்தே சித்தப்பா ஓடவைத்துக்கொண்டிருந்த சங்கதி எப்படியோ சாரின் காதுக்கு எட்டியிருந்தது.

"இத ஓட வச்சுக் காட்டு. அடுத்த மாசமே கடைக்கு வந்துடலாம், தங்க ரூமும் உண்டு. உள்ள எத வேணாலும் மாத்திக்கோ. பாடிய மட்டும் தொடாதே. எங்க தேடினாலும் இனிமே கிடைக்காது," என்றார் சார்.

அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பெரிதாகத் தலையை ஆட்டினார்.

அப்பாவும் சித்தப்பாவும் தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை இனம் பிரிப்பவர்கள். சித்தப்பா பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறியவர். அன்றிலிருந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் வேலை. அவர்கள் தனித்தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. வாஷி வேலை கிடைத்துவிட்டால் சித்தப்பா இனி குப்பையைக் கிளற வேண்டாம். அதற்காக அந்த ஒரு மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கொடவுனிலிருந்து வந்ததும் லாரியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பழைய மோட்டாரில் கரி பிரஷ் தேய்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, கரியே இல்லாத புது மோட்டார் வைத்தார். சக்கரங்களில் இருந்த பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு மூக்குத்தி அளவில் பேரிங்குகள். செங்கல் மாதிரி கனத்த பேட்டரி போய் சோப்புக்கட்டி அளவில் ஒன்று வந்தது. ரிமோட்டும் புதிது, ஏரியலே கிடையாது. பாடியை மட்டும் பழைய வேட்டியில் சுற்றி, அலமாரியில் அம்மாவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பால் வாங்கப் போனாலும், "எந்தம்பி வாஷிக்குப் போறாம்லா," என்பார். தம்பிக்கென்று தாதர் வரை போய்ப் புதுச் சட்டை வாங்கிவந்தார். அதே வாயால் அம்மாவிடம், "மழ பேஞ்சா ஹார்பர் லைன் ரயிலு நின்னு போவும். ஞாயித்துக்கெழமகூட அவனால வர முடியாது," என்றும் சொல்வார். "வாஷி என்ன துபாயிலயா இருக்கு?" என்று அம்மா சிரிப்பாள். அப்பா சிரித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சார் வந்தார். கொடவுனுக்குப் பின்னால் இடித்துப் போட்ட சுவரின் குவியல் ஒன்று இருந்தது. உள்ளே செய்த வேலை தெரியவேண்டும் என்று பாடியை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, வெறும் வண்டியைச் சித்தப்பா ஓடவிட்டார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டு, உடைந்த செங்கல்மேல் தாவி, குவியலின் உச்சிக்குப் போய் நின்றது. நான் அரண்டே போனேன். சார் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

"திங்கக்கிழம வந்துடு," என்றார் சித்தப்பாவிடம். "அந்த பாடிய மாட்டு, முழுசா ஒரு தடவ பாத்துடறேன்."

எல்லோரும் திரும்பினோம். அப்பா கட்டிங் பிளேயரால் பாடியின் பின்பக்க மூலையை நறுக்கென்று வெட்டினார். வெட்டிய துண்டைக் குறட்டில் பிடித்தபடியே தீக்குச்சி உரசிக் கொளுத்தினார். கரும்புகை எழுந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ஏபிஎஸ். நல்ல சரக்கு," என்றார், யாரையும் பார்க்காமல்.

யாராவது அடிப்பார்கள், அலறுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் அசையவில்லை.

"என்ன பண்ணிட்டேள்? நீங்க என்ன பண்ணிட்டேள்?" என்றார் சார்.

பதில் சொன்னவர் சித்தப்பாதான். என்ன பிளாஸ்டிக் என்று தெரிய ஒரு துளி நறுக்கி, கொளுத்தி, முகர்ந்து பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம் என்று விளக்கினார். "பழக்கதோஷம் சார். கை தன்னால போயிருச்சு. அண்ணன் வேணும்னு செய்யல. மன்னிச்சிருங்க."

சார் பாடியை வாங்கி, வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார். "இந்த எடத்துலேர்ந்து ஆள் எடுக்க நெனச்சேனே, என்னைச் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு, லாரியைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை.

அப்பாவோடு ஒரு வாரம் நான் பேசவில்லை. ஆனால் சித்தப்பா எங்களோடேயே இருக்கப்போகிறார் என்பதில் உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். தாதர் சட்டையைச் சித்தப்பா மறுநாளே கொடவுனுக்குப் போட்டுக்கொண்டு போய் அழுக்காக்கினார்.

மே மாத விடுமுறையில் ஒருநாள் இருவருக்கும் சாப்பாடு கொண்டுபோனேன். பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. அப்பா ஒரு துண்டை எடுத்து நகத்தால் ஒரு தட்டு தட்டுவார், "ஏபிஎஸ்" என்று சொல்லி ஒரு கோணியில் வீசுவார். எதிரே சித்தப்பாவும் அப்படியே. ஒன்றுக்குக்கூட அவர்கள் தீப்பெட்டியைத் தேடவில்லை.

"இதக் கொளுத்திப் பாக்க வேண்டாமாப்பா?" என்று கேட்டேன்.

இருவர் கையும் நின்றது. அப்பா நிமிரவில்லை.

"ஏபிஎஸ்ஸுக்கு எதுக்குட்டி தீப்பெட்டி? தட்டுனா சத்தத்துலயே தெரிஞ்சிரும்," என்றார் சித்தப்பா. பிறகு அப்பாவின் தட்டையும் தன் தட்டையும் எடுத்து வைத்து, "கொழம்ப ஊத்து, அண்ணனுக்குப் பசிக்கும்," என்றார்.

நான் குழம்பை ஊற்றினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல வருடம் கழித்து விளங்கியபோது, அப்பா செய்ததைவிட சித்தப்பா செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் தீக்குச்சியை உரசியபோதே, அது வேண்டுமென்றுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சாரிடம் பழக்கதோஷம் என்று சொல்லியிருக்கிறார்.