டேப்பக்காவின் பதினெட்டு சென்டிமீட்டர்

எஃகு டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்கு நீலச் சுண்ணக்கட்டியை இழுத்துத் தேய்க்கிறாள் டேப்பக்கா. வாயால் ஒரு ஊது. பிறகு, "வாடி, இந்த மாசம் உன் லட்சணம் என்னன்னு பார்ப்போம்" என்று குழாய்க்குள் இறக்குகிறாள். இறக்கும்போது இரும்புக் குழாயின் மேல் இடுப்பைச் சாய்த்துக்கொள்வாள். நுனியில் தொங்கும் ஈயக்குண்டு கீழே இருட்டில் தண்ணீரைத் தொட்டதும் வருகிற சின்னச் சத்தத்துக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இருமினால் அவர்கள் பரம்பரைக்கே மரியாதை நடக்கும்.

டேப்பை மேலே இழுத்தால் சுண்ணம் நனைந்த இடம் கருத்துத் தெரியும். உள்ளே விட்ட நீளத்தில் அந்த நனைந்த பகுதியைக் கழிக்க வேண்டும். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் உயரத்தையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற கணக்கு. "ரெண்டே ரெண்டு கழித்தல். இதுக்குப் போய் ஏழு வருஷம் படிச்சிட்டு வராங்க பாவம்" என்பாள். ஆனால் ஒரு கிணற்றை மூன்று தடவை அளக்காமல் நகரமாட்டாள். மூன்றும் ஒத்துவராவிட்டால் நாலாவது தடவை. அதற்கும் மசியாத கிணற்றுக்குக் கிடைக்கிற வசவை நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கேட்கக்கூடாது.

நிலத்தடி நீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. வயது ஐம்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்கு இரண்டங்குலம் குறைவு. குரல் மட்டும் ஆறடி. ஊரெங்கும் முப்பத்தெட்டு இடங்களில் மட்டம் பார்ப்பதற்கென்றே போட்ட குழாய்க் கிணறுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. அலுவலகம் அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறது. டேப்பக்கா உறவுமுறை கொடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பவள் நாத்தனார். பக்கத்துத் தொழிற்சாலை மோட்டாரைப் போட்டால் போதும், இவள் மட்டம் இறங்கிவிடும். "அடுத்த வீட்ல நல்லா இருந்தா இவளுக்கு மூஞ்சி தொங்கிரும்." பூங்காவில் இருப்பவர் புது மாப்பிள்ளை. மழை பெய்த இரண்டு நாள் தளும்பத் தளும்ப அன்பு, மூன்றாம் நாள் ஆள் வீட்டிலேயே இல்லை. பேருந்துப் பணிமனையில் இருப்பவள் பத்தினி. மழையோ வெயிலோ, பன்னிரண்டு வருடத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் வழி தவறியதில்லை.

வீட்டிலும் சும்மா இருக்கமாட்டாள். குளியலறைப் பீப்பாயின் உட்புறத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். "நீங்க குளிச்சா மூணு சென்டிமீட்டர். உங்க தம்பி குளிச்சா பதினொண்ணு. உள்ள போய் அவர் குளிக்கறாரா, நீச்சல் கத்துக்கறாரா?" என்று கணவரிடம் கேட்பாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். ஒரு வாரம் என்று வந்து ஐந்து மாதமாகத் தங்கியிருக்கும் அவருடைய தம்பி, அந்தக் கேள்வியைக் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டுவிட்டு இன்னொரு குவளை மொண்டு ஊற்றிக்கொள்வார்.

அலுவலக ஜீப் டிரைவர்தான் அவளுக்கு வாய்த்த நிரந்தர இரை. ஒன்பது வருடத்துக்கு முன்பு அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஆபத்துக்கு உதவுகிறேன் என்று அவன் டேப்பை எடுத்துக்கொண்டு போனான். கிணற்றுக் குழாய் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக் கழிவறைத் தொட்டியின் காற்றுக் குழாயில் விட்டு அளந்துவிட்டு வந்தான். 'நீர் மட்டம் ஒரு மீட்டர் இருபது, மிகவும் திருப்திகரம்' என்று நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தான்.

இன்றைக்கும் ஜீப்பில் ஏறியதும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவாள். "டெட்டால் போட்டு ஆறு தடவை கழுவினேன்டா தம்பி. இன்னும் அந்தத் திருப்தி போகல."

"விடுங்கக்கா. உங்களுக்கும் ஒரு நாள் வரும்."

"எனக்கா? நான் கிணத்தைத் தவிர வேற எதையும் எட்டிப் பார்த்ததில்ல."

இப்படிப்பட்டவளுக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன்பு பத்தினி அதிர்ச்சி கொடுத்தாள். பத்து மீட்டர் அறுபத்து நாலில் நின்ற தண்ணீர், பத்து மீட்டர் நாற்பத்தாறுக்கு ஏறியிருந்தது. பதினெட்டு சென்டிமீட்டர். டேப்பக்கா ஏழு தடவை அளந்தாள். ஏழும் ஒன்றையே சொல்லின. அடுத்த மாதமும் அதேதான். அதற்கடுத்த மாதமும்.

அலுவலகத்தின் தலைமை ஆய்வாளர் உலகத்தை வளைகோடுகளாக மட்டுமே பார்ப்பவர். டேப்பக்கா அவருக்கு வைத்த பெயர் கிராஃப் சார். பணிமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மழைநீரை நிலத்துக்குள் அனுப்ப உறிஞ்சுகுழிகள் தோண்டச் சொன்னவர் அவர்தான். அந்தக் குழிகளில் குப்பையைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை என்று பலரும் சிரித்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு நீலக்கோடு தலையைத் தூக்கி நின்றதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. அந்தப் பகுதியில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட ஆறு வருடமாகத் தடை இருந்தது. மட்டம் ஏறிவிட்டது என்று அவர் குழுக் கூட்டத்தில் சொன்னால் அன்றைக்கே தடையை எடுத்துவிடுவார்கள். துளை போடும் வண்டிகள் இப்போதே வந்து தெருமுனையில் நின்றன. கூட்டத்தில் டேப்பக்காவுக்கு ஒரு சான்றிதழும் உண்டு. இருபத்திரண்டு வருடம் பிழையில்லாமல் அளந்ததற்கு.

அந்தச் சான்றிதழுக்காக அவள் டிரைவரிடம் ஒரு வாரம் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. "சட்டம் போட்டு ஜீப்ல உன் மூஞ்சிக்கு நேரா மாட்டிவிடறேன். ஓட்டும்போது பார்த்துக்கிட்டே ஓட்டு."

இதற்கிடையில் அவளுக்கு ஒரு தனிக்கவலை இருந்தது. தான் குள்ளமாகிக்கொண்டு வருகிறோம் என்று. பணிமனையில் கிணற்றுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் விளிம்பில் நோட்டை வைத்துத்தான் எப்போதும் எழுதுவாள். நெஞ்சளவில் இருந்த விளிம்பு மூன்று மாதமாகத் தாடைக்கு வந்துவிட்டது. எழுதினால் தோள் வலிக்கிறது. வயதானால் முதுகெலும்பு அமுங்கும் என்று எங்கோ படித்திருந்தாள். யாரிடமும் சொல்லாமல் சுண்ணாம்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கினாள். பால் குடிக்கவே பிடிக்காதவள் காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் குடித்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அளக்காமல் எதையும் நம்பினால் அது வேறு யாரோ. சமையலறைக் கதவு நிலையில், குடிவந்த புதிதில் பிள்ளைகளோடு அவளும் நின்று போட்ட பென்சில் கோடு இருந்தது. நிலையோடு முதுகை ஒட்டி நின்று, கொழுந்தனாரைக் கூப்பிட்டுத் தலைமேல் அளவுகோலை வைக்கச் சொன்னாள்.

"அப்படியேதான் இருக்கீங்க அண்ணி. நூல் பிசகல."

"நல்லாப் பாருங்க. ஒரு சாண் குறைஞ்சிருக்கணும்."

"ஒரு சாண் குறைஞ்சா ஆள் அண்ணியா, அண்ணியோட பொண்ணான்னு தெரியாமப் போயிருக்குமே."

மூன்று தடவை அளக்க வைத்தாள். மூன்றும் ஒத்துவந்தன. உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். டேப்பக்காவுக்கு வியர்த்தது. நான் குறையவில்லை என்றால் ஜன்னல் எப்படி ஏறியது?

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் டிரைவரை இழுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. சுவரின் அடியைப் பார்த்தாள். பூச்சு முடிந்த இடத்துக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கல், சேலைக்குக் கீழே பாவாடை தெரிவதுபோல் வெட்கமில்லாமல் தெரிந்தது. டேப்பை வைத்தாள். பதினெட்டு சென்டிமீட்டர்.

பணிமனை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தத் தரைக்கு என்ன பண்ணீங்க?"

"புது பஸ் உயரம் ஜாஸ்திக்கா. கூரைல இடிச்சுது. கூரையை ஏத்தறதை விட தரையைச் செதுக்கறது சுலபம்னு மொத்தமா செதுக்கி சிமெண்ட் போட்டாச்சு. நாலு மாசம் இருக்கும்."

"குழாயை?"

மெக்கானிக் முகத்தில் பெருமை வந்தது. "அதை மறப்பனா? தரையை இறக்கினதும் உங்க குழாய் ஒட்டகம் மாதிரி நின்னுச்சு. அக்கா இடுப்பைச் சாய்க்கற குழாயாச்சே, உசரமா இருந்தா கஷ்டப்படுவாங்கன்னு, பழையபடி தொண்ணூறு சென்டிமீட்டர் வெச்சு நானே அறுத்துவிட்டேன். கரெக்டா இருக்கா?"

"கரெக்டா இருக்குப்பா" என்றாள் டேப்பக்கா. "உன் நல்ல மனசு நாசமாப் போக."

தண்ணீர் ஏறவில்லை. தரைதான் இறங்கியிருந்தது. குழாய் முன்போலவே இடுப்புக்கு வந்ததால், அதே தொண்ணூறைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்திருந்தாள். டேப் ஒன்றும் பொய் சொல்லவில்லை. எங்கே நின்று அளக்கிறோம் என்று அவள்தான் பார்க்கவில்லை.

திரும்பும்போது அவள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. டிரைவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினான். உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"சிரிச்சுத் தொலைடா."

"வண்டி ஓட்டும்போது சிரிச்சா ஆபத்துக்கா. ஆபீஸ் போய் நிதானமா சிரிக்கறேன்."

கூட்டம் பதினொரு மணிக்கு. பத்து ஐம்பதுக்கு அவள் தலைமை ஆய்வாளர் அறைக்குள் போனபோது கிராஃப் சார் புதுச் சட்டையில் நின்று பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மேசை மேல் சான்றிதழ் சுருட்டி நாடா கட்டி இருந்தது.

"வாங்கக்கா. முன் வரிசைல உக்காருங்க. பேர் சொன்னதும் வரணும்."

"சார், பணிமனைல தண்ணி ஏறல. தரையைச் செதுக்கியிருக்காங்க. குழாயையும் அறுத்திருக்காங்க. ரெண்டும் பதினெட்டு."

அவர் திரையில் இருந்த நீலக்கோட்டைப் பார்த்தார். சொந்தப் பிள்ளை பரீட்சையில் காப்பி அடித்ததாகக் கேள்விப்பட்டவர்போல் இருந்தது முகம்.

"யார் அளந்தது?"

"நான்தான்."

"மூணு மாசமுமா?"

"மூணு மாசமும். ஏழேழு தடவை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அக்கா, கூட்டத்துக்கு எல்லாரும் வந்தாச்சு. இன்னிக்கு இதைப் படிச்சிடறேன். அடுத்த மாசம் திருத்திக்கலாம்."

"அடுத்த மாசத்துக்குள்ள அந்தத் தெருவுல நாப்பது போர் இறங்கிடும் சார். நீங்க கோட்டைத் திருத்தலாம். ஓட்டையை எப்படித் திருத்துவீங்க?"

கிராஃப் சார் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனுஷர் இல்லை. "சரி, ஏறுச்சுன்னு சொல்லல. குழாய் பழுது, மூணு மாசம் அளவு எடுக்கலன்னு எழுதிடுங்க. இருபத்திரண்டு வருஷம். உங்க பேராவது மிஞ்சட்டும்."

டேப்பக்கா அந்தச் சுருளை ஒரு தடவை பார்த்தாள். நல்ல தடித்த காகிதம். நாடா சிவப்பு.

"குழாய் பாவம் சார். அது பாட்டுக்கு அதோட இடத்துல நிக்குது" என்றாள்.

கிராஃப் சார் திரையில் இருந்த படத்தை அணைத்துவிட்டு, சுருளை மேசை மேலேயே விட்டு, வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனார். மட்டம் ஏறியதற்கு ஆதாரம் இல்லை, தடை தொடரட்டும் என்று உள்ளே அவர் சொன்னது மரத்தடுப்பைத் தாண்டி வெளியே கேட்டது. யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தமும் கேட்டது.

டேப்பக்கா தன் மேசைக்கு வந்து பதிவேட்டை விரித்தாள். அந்த அலுவலகத்தில் தப்பான எண்ணை அழிக்கக்கூடாது, கிறுக்கி மறைக்கவும் கூடாது. கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்கேல் வைத்து மூன்று கோடுகள் போட்டாள். மூன்று எண்களை எழுதினாள். கையெழுத்து என்ற பெயரில் எப்போதும் அவள் போடுவது புழு நெளிந்தது போன்ற ஒரு சுழி. அதைப் போடப் போன பேனா நின்றது. மூன்று இடத்திலும் தன் முழுப் பெயரை, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்து, எழுத்து எழுத்தாக எழுதினாள்.

டிரைவர் வாசலில் சாய்ந்து நின்றான். மையை ஊதிக் காயவைத்துவிட்டு, பதிவேட்டை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அவன் நன்றாகப் படிக்கட்டும் என்று அவனிடம் நீட்டினாள்.