எல்லா வயரும் சுற்றியிருந்த நாள்

எங்கள் தெருவில் எந்தச் செய்தியும் இஸ்திரி மேசையைத் தொடாமல் வீடுகளுக்குள் போகாது. போன வாரம் அங்கே சுடச்சுடக் கிடைத்தது இது: மிக்சி ரிப்பேர் செய்பவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். பழைய இரும்புக் கடைக் குவியலின் மேல் உட்கார்ந்து, ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாராம்.

விசாரிக்கப் போகக் காரணம் வேண்டுமே. ஓடாமல் நின்றுபோன மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அவருக்குத் தெரு வைத்த பெயர் 'எதுக்காவது'. எதைக் காட்டி வேண்டாம் என்றாலும், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். ஆகும் ஆகும் என்று சேர்ந்ததில் கட்டிலுக்கடியில் மோட்டார்கள், குளியலறையில் வாஷிங் மெஷின் மூடிகள். பக்கவாட்டில் திரும்பி நின்றால்தான் குளிக்கலாம். விருந்தாளி உட்கார ஒரு செத்த கிரைண்டர் உண்டு.

இந்தக் கோட்டையை உடைத்தது மகளின் போன்.

"அப்பா, குழந்தைக்கு மூச்சு இழுக்குது. தூசியே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவன் தவழத் தரை தெரிஞ்சாத்தான் வருவேன்."

பேரனை அவர் அதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்தார். மறுநாளே சாமான்களை இறக்க ஆரம்பித்தார். மனைவி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்.

"இது?"

"எதுக்காவது..."

"எதுக்குன்னு சொல்லுங்க."

பொருள் வாசலுக்குப் போகும். பேரன் பெயரைச் சொல்லி அவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அவர் தொழிலில் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. இனி உயிர் வராது என்று கைகழுவிய பொருளின் வயரை இறுகச் சுற்றிச் செருகிவிடுவார். வயர் தொங்கினால் அது உயிருள்ள பொருள். இந்தச் சட்டத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை, மனைவி உட்பட.

மகள் வரும் நாள் காலையில் பரண்மேல் ஏறித் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே இரும்புக் கடைக்காரர் வண்டியோடு நின்றார்.

"எதை எடுக்கட்டும் அண்ணே?"

"வயர் சுத்தினது எல்லாம் எடுத்துக்கோ தம்பி!"

வாழ்க்கையில் முதல்முறையாக இவ்வளவு தாராளம். வண்டி நிறைந்து போனது.

மகள் வந்தாள். தரை பளிச்சென்றிருந்தது. குழந்தை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தவழ்ந்தது. தாத்தா எதிர்க்கோடியில் மண்டியிட்டு நின்று கைதட்டினார். சாயங்காலம் அதன் நெஞ்சுக்குள் மெல்ல விசில் கேட்டது. பல வருடத் தூசியைக் கிளப்பிவிட்டு ஒரு பகலில் அடங்கு என்றால் அடங்குமா?

"அப்பா, நெபுலைசரை எடுங்க. சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

மூச்சுக்கு மருந்துப் புகை தரும் அந்த மெஷினின் மோட்டார் திணறுகிறது என்று மகள் அதை முன்கூட்டியே அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். மருந்தும் மாஸ்க்கும் அவள் பையில் இருந்தன. மெஷின் இருந்த அலமாரி துடைத்துவிட்டது போல் இருந்தது. துடைத்துத்தான் விட்டிருந்தார்கள்.

"அதோட வயர் தொங்கிட்டுத்தானே இருந்துச்சு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அசிங்கமா இருந்துச்சு. வீட்ல இருந்த எல்லா வயரையும் அழகா சுத்தி வச்சேனே!" என்றார் மனைவி.

குழந்தையின் விலா ஒட்டி ஒட்டி இழுத்தது. மனைவி ஆட்டோ பிடிக்க ஓடினார். இவர் செருப்பில்லாமல் இரும்புக் கடைக்கு ஓடினார்.

தெரு முனையிலேயே சுத்தியல் சத்தம். அங்கே எதையும் கழற்ற மாட்டார்கள். செம்புக் கம்பிக்காக அடித்துப் பிளப்பார்கள். ஒவ்வொரு 'டங்'குக்கும் அவர் ஓட்டம் தடுமாறியது. கடைக்குள் நுழைந்ததும் நேரே குவியல்மேல் ஏறிவிட்டார்.

"அண்ணே, இறங்குங்க! தகரம் கிழிச்சிடும்!"

கிழித்தது. ஆசை ஆசையாகச் சேர்த்த மிக்சிகளை இரண்டு கையாலும் வாரி எறிந்தார். மேலே இல்லை. அடியிலும் இல்லை. சுத்தியல்காரர் அடுத்ததை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். வெள்ளைப் பெட்டி.

"அடிக்காதே!"

"அப்போதுதான் அழுதீர்களா?" என்று கதைக்கு நடுவே கேட்டேன்.

"தூசி சார்" என்றார்.

பெட்டியைக் கொடுக்கக் கடைக்காரருக்கு மனமிருந்தது, கணக்குதான் இடித்தது. "எடை போட்டாச்சு அண்ணே. மொத்தமா வாங்குற முதலாளிக்கு எடை குறையக் கூடாது."

"அதே எடைக்கு வேற இரும்பு தர்றேன். எங்க வீட்ல இரும்புக்கா பஞ்சம்?"

வீடு காலியானதை மறந்து பழைய நாக்கு சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தால், மனைவி சுற்றிய வயர் அவிழவில்லை. அவ்வளவு நேர்த்தி. ரத்தம் வழுக்கிய விரல்களை விலக்கி மகள் பல்லால் இழுத்தாள். மெஷின் உறுமியது. குழந்தையின் விசில் மெல்ல மெல்ல இறங்கும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆட்டோவில் வந்திறங்கிய பாட்டி சத்தம் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் ஊருக்குக் கிளம்பவில்லை.

நான் போனபோதும் அங்கேதான் இருந்தாள். குழந்தை என் காலைச் சுற்றித் தவழ்ந்தது. உட்காரக் கிரைண்டர் இல்லாததால் நின்றுகொண்டே கேட்டேன். கதை முடியும் நேரத்தில் வாசலில் வண்டி நின்றது.

"அண்ணே, என் எடை?"

எதுக்காவது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவர், தரை, பேரன். மனைவி சமையலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். பிறகு மூவர் பார்வையும் என் விசிறியின்மேல் வந்து தங்கியது.

"வயர் தடுக்கும், குடுங்க சார். சுத்தி வைக்கிறேன்" என்று மனைவி கை நீட்டினார்.

"தொங்கட்டும்மா" என்று விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"சரி, நாளைக்கு வர்றேன்" என்றார் கடைக்காரர். நேற்றும் அதைத்தான் சொன்னாராம்.